முப்பது மீட்டர் பாதை

"பாதை சூடாத்தான் இருக்கு," என்றான் ஒட்கேர். "கருவி நாலு டிகிரி காட்டுது. நம்பலேன்னா கீழ நிலவறைக்கு வந்து பாரு."

நாங்கள் அந்தப் பாதையின் மேல்தான் நின்றிருந்தோம். காலடியில் விரல் தடிமனுக்குப் பனிக்கட்டி, கண்ணாடி மாதிரி. நான் அவன் தோளைப் பிடித்திருந்தேன், அவன் என் தோளைப் பிடித்திருந்தான். ஒருவர் கையை எடுத்தாலும் இருவரும் விழுவோம்.

"நாலு டிகிரின்னா காலுக்குக் கீழ இருக்கிறது என்ன? சர்க்கரைப் பாகா?"

"அது ஓரத்து ஐஸ், ஸ்வாவா."

"நடுவுல நிக்கிறோம், ஒட்கேர்."

அவன் குனிந்து பார்த்தான். இந்த மனிதனுக்கு எதையும் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, யோசித்தாக வேண்டும். "ஓரத்துல இருந்து பரவியிருக்கு," என்றான் கடைசியில்.

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவன், முப்பது வருடமாக ஒரே கட்டடத்தில் இருக்கிறோம். அவன்மேல் கத்தி ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். மீன் உறைய வைக்கும் ஆலையில் நாற்பது வருடம் எந்திரம் பார்த்தவன். குளிரைத் தனக்குக் கீழே வேலை செய்தவன் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அந்தப் பாதை எங்கள் குடியிருப்பின் வாசலில் தொடங்கி மேடேறித் தெருவில் முடிகிறது. முப்பது மீட்டர். வட துருவத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் எங்கள் ஊரான அகுரேரியின் இந்த மேட்டில் இருக்கும் எல்லாக் கட்டடங்களையும் போலத்தான் எங்களுடையதும். பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீர் எட்டு வீட்டு ரேடியேட்டர்களிலும் சுற்றி அறைகளைச் சூடாக்கும். அந்த வேலை முடிந்த பிறகும் அதில் கொஞ்சம் சூடு மீந்திருக்கும். கடலுக்குப் போகும் முன் அந்த நீர் பாதைக்கும் அதை ஒட்டிய எட்டுக் கார் நிறுத்தங்களுக்கும் அடியில் புதைத்த குழாய்களில் ஒரு சுற்று போய் வரும். முப்பது வருடம் எங்கள் வாசலில் பனி தங்கியதே இல்லை. விழும், நனைந்து கறுக்கும், காணாமல் போகும். தெருவை எட்டிவிட்டால் பிறகு கவலையே இல்லை. நீச்சல்குளத்தில் மீந்த நீர் தெருவோரம் முழுக்க அடியில் ஓடுகிறது. குளம் வரைக்கும் கோடையைப் போல நடக்கலாம்.

அந்த முப்பது மீட்டர்தான் என் அக்கா யோருனின் வாழ்க்கை. நான் மிகைப்படுத்தவில்லை.

யோருன் கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறாள். நான் இரண்டாவது மாடி. இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு முழுதாகத் திரும்பிவிட்டது, கொஞ்சம் அதிகமாகவே திரும்பிவிட்டது என்பார்கள் கட்டடத்தில். இடது கால் மட்டும் சொன்னபடி கேட்பதில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு, இருட்டில், வாக்கரைத் தள்ளிக்கொண்டு குளத்துக்குப் போவாள். அங்கே வெந்நீர்த் தொட்டியில் அதே நான்கு பெண்களோடு உட்கார்ந்து நகராட்சியைத் திட்டுவாள். காப்பி குடிப்பாள். ஒன்பதரைக்குத் திரும்புவாள். அதற்குப் பிறகு என்ன நடந்தாலும் அவளுக்கு அது நல்ல நாள்.

மருத்துவமனையிலிருந்து வந்த வாரம், நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்து எங்களோடு மேசையில் உட்கார்ந்து ஒரு முடிவு எழுதிக்கொண்டு போனாள். யோருன் தானாக வெளியே போய் வர முடிகிற வரை தனியாக இருக்கலாம். ஒரு முறை விழுந்தாலும் என் வீட்டுப் பின்னறைக்கு வந்துவிட வேண்டும். பின்னறை என்று சொன்னது நான்தான். யாரும் கேட்கும் முன்பே சொன்னேன். நல்ல தங்கை என்ன சொல்வாளோ அதைச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த அறையை மனசுக்குள் பார்த்தேன். மகன் போன பிறகு, கணவரும் போன பிறகு, அதில் இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியேற்றினேன். இப்போது ஒரு நாற்காலி மட்டும் இருக்கிறது. மருந்துக்கடையில் எட்டு மணி நேரம் மற்றவர்களின் உடம்புகளைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்து அந்த நாற்காலியில் உட்காருவேன். ஒன்றும் செய்யமாட்டேன். அந்த ஒன்றுமில்லாமை எனக்கு வேண்டியிருந்தது. அதை யாரிடமும் விளக்க முடியாது. அக்காவிடம் நிச்சயம் முடியாது.

ஆகவே பாதை உறைந்தபோது என் கோபம் வெறும் பாதையைப் பற்றியதல்ல. அது எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்ததால் இன்னும் எரிச்சல்.

எல்லாம் அக்டோபரில் தொடங்கியது. ஒட்கேர் குடியிருப்போர் சங்கத் தலைவரானான். எங்கள் ஊரில் யாரும் ரேடியேட்டரைக் குறைப்பதில்லை. புழுக்கமாக இருந்தால் ஜன்னலைத் திறப்போம். தண்ணீர் தானாக வருகிறது, தானாகக் கொதிக்கிறது, அதைப் போய் யார் திருகிக்கொண்டிருப்பது? ஒட்கேருக்கு அது பொறுக்கவில்லை. வீடு வீடாக வந்து, அறை போதுமான அளவு சூடானதும் தானே மூடிக்கொள்ளும் வால்வுகளை ரேடியேட்டர்களில் மாட்டினான்.

"ஜன்னலைத் தொறந்து வெச்சு துருவத்தையே சூடாக்கிட்டு இருக்கோம்," என்றான். "உலகத்துல வேற எவனாவது இப்படிச் செய்வானா?"

மூன்றாம் மாடி ஹெர்தீஸ் எதிர்த்தாள். "ஜன்னலை மூடிட்டுப் படுத்தா எனக்குக் கல்லறையில படுத்த மாதிரி இருக்கும்ப்பா."

"கல்லறையில வால்வு கிடையாது ஹெர்தீஸ். கவலப்படாத."

நவம்பருக்குள் எங்கள் வெந்நீர்ச் செலவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அவன் மாடிப்படிச் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டினான். கோடு இறங்கிக்கொண்டே போனது. எல்லோரும் அதைத் தாண்டும்போது தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

பிறகு பனி விழுந்தது. விழுந்த பனி அப்படியே இருந்தது.

யாருக்கும் புரியவில்லை. குழாய் அடைத்திருக்கும் என்றார்கள். யோருன்தான் வாசல் கதவில் சாய்ந்து நின்று, வெள்ளையாகக் கிடந்த பாதையைப் பார்த்துச் சொன்னாள்: "இத்தனை நாள் நம்ம ஊதாரித்தனத்துலதான் இது உருகிச்சு. இப்ப எல்லாரும் யோக்கியமாயிட்டோம்."

அதுதான் விஷயம். வால்வுகள் நீரைச் சிக்கனமாக விட்டன. விட்ட நீரின் சூட்டை அறைகளே உறிஞ்சிக்கொண்டன. முன்பு கீழே வரும்போது கைக்கு இதமாக இருந்த நீர் இப்போது கொஞ்சமாக, ஆறிப்போய் வந்தது. பாதைக்குக் கொடுக்க அதனிடம் ஒன்றுமில்லை.

ஒட்கேர் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. நிலவறையில் ஒரு கலப்பு வால்வு இருந்தது. அதைத் திறந்தால் கொதிநீர் நேராகப் பாதைக் குழாயில் கலக்கும். அதற்கு ஒரு சென்சார் வாங்கி வைத்தான். பனி விழுந்தால் மட்டும் திறக்கும், நின்றதும் மூடும். "ஒரு சொட்டு வீணாகாது," என்றான்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். பனி விழத் தொடங்கியதும் சென்சார் கொதிநீரைத் திறந்தது. அதுவரை ஆறிக் கிடந்த கான்கிரீட் சூடேற அரை நாள் ஆனது. அதற்குள் முழங்கால் உயரம் பனி. அடிப்பக்கம் மட்டும் உருகிக் கூழானது. அப்போது பனி விழுவது நின்றது. வேலை முடிந்தது என்று சென்சார் மூடிக்கொண்டது. கூழ் உறைந்தது. மறுபடி பனி. மறுபடி கூழ். மறுபடி கண்ணாடி. சும்மா விட்டிருந்தால் காலால் மிதித்தாவது நடந்திருக்கலாம். இது அடுக்கடுக்காகச் செய்த பனிக்கட்டி. மூன்று வாரம் இதைப் பார்த்த பிறகுதான் அன்று காலை அவனை வெளியே இழுத்து வந்து பாதையின் நடுவில் நிறுத்தினேன்.

அந்த மூன்று வாரத்தில் யோருன் ஒன்பது நாள் குளத்துக்குப் போகவில்லை. மற்ற நாட்களில் நான் ஏழு மணிக்குக் கீழே இறங்கி அவளைக் கைத்தாங்கலாகத் தெருவரை கொண்டுபோய் விட்டேன்.

"இறுக்காதடி. நான் மீன் இல்ல."

"வழுக்கினா?"

"வழுக்கினா ரெண்டு பேரும் சேர்ந்து விழுவோம். நீ எனக்குக் கைப்பிடியா, இல்ல துணைக்கு விழ வந்தியா?"

பதினெட்டு வருடம் மீன்பிடி இழுவைப் படகில் சமையல்காரியாக இருந்தவள். புயலில் கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றவள். அவளுடைய முழங்கை என் உள்ளங்கையில் விறைத்துக்கொள்ளும். விடுபடத் துடிக்கும் அந்த எலும்பு எனக்குத் தெரிந்தது. நான் இன்னும் இறுக்கினேன். அன்பினால் என்று சொல்லிக்கொண்டேன். இருட்டில், மூச்சு வெண்புகையாய்ப் போக, அவள் விழுந்துவிடக் கூடாது என்று பிடித்தேனா, அவள் என் வீட்டுக்குள் விழுந்துவிடக் கூடாது என்று பிடித்தேனா? யோருன் அதைக் கேட்கவில்லை. நான்தான் ஒவ்வொரு நாள் காலையிலும் கேட்டுக்கொண்டேன்.

அந்தக் கேள்வியோடுதான் ஒரு சனிக்கிழமை என் வீட்டில் எல்லா ஜன்னல்களையும் திறந்தேன்.

யோசனை எளிமையானது. அறை குளிர்ந்தால் வால்வு தானே முழுசாகத் திறக்கும். திறந்தால் நீர் நிறைய ஓடும். அது ஆற நேரமில்லாமல் சூட்டோடே கீழே போகும். பழையபடி ஊதாரியானால் பாதைக்குப் பங்கு கிடைக்கும். வால்வுகளின் பக்கத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தேன். அவை பயந்துபோய் முழு வாயையும் திறந்தன. நான் கோட்டும் குல்லாவும் மாட்டிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தேன். கோப்பையிலிருந்த காப்பி பத்து நிமிடத்தில் செத்தது. மூன்று நாள் அப்படி இருந்தேன். தூங்கும்போது இரண்டு கம்பளிக் காலுறைகள். வெளியே பாதையின் கீழ்ப் பாதியில், வாசலருகே, ஓர் ஆள் அகலத்துக்குக் கருப்பாக ஈரம் தெரிந்தது. அதைப் பார்க்க எனக்கு வந்த சந்தோஷம் வெட்கக்கேடானது. ஒரு வீட்டை உறைய வைத்துப் பத்து மீட்டரை உருக்கியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மாலை ஒட்கேர் கதவைத் தட்டினான். கையில் காகிதம்.

"ரெண்டாவது மாடியில என்னமோ கசியுது ஸ்வாவா. நீ மட்டும் மூணு நாள்ல மூணு வீட்டுத் தண்ணி..." அவன் நின்றான். என் குல்லாவைப் பார்த்தான். என் தலைக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்த திரைச்சீலையைப் பார்த்தான். உள்ளே வந்து கூடத்து ஜன்னலை மூடினான். நான் அதைத் திறந்தேன். அவன் மறுபடி மூடினான்.

"பைத்தியமா உனக்கு?"

"உன்னோட வரைபடத்துக் கோட்டை நீ பாத்துக்கோ. என்னோட பாதையை நான் பாத்துக்கறேன்."

"இது கணக்குக்கே ஒத்துவராது! உன் வீட்டுல இருந்து போற சூட்டுல முக்கால்வாசி ஜன்னல் வழியாப் போகுது. மீதியில முக்கால்வாசியை மண்ணு குடிச்சிடும். அப்பறம் மிஞ்சறது எட்டுக் காருக்கும் பாதைக்கும் பிரிஞ்சு போகுது. யோருன் காலுக்குக் கீழ வர்றது நூத்துல ரெண்டு பங்கு. ரெண்டு!"

"அந்த ரெண்டை நீ குடுக்கலியே!"

"யோருன் கொஞ்ச நாள் உன் வீட்டுல இருந்தா என்ன? பின்னறை சும்மாதான கெடக்கு? வசந்தம் வரட்டும், நான்..."

"எனக்கு அவ இங்க வேண்டாம்," என்றேன்.

சொல்லிவிட்டேன். இரண்டு வருடமாக மூடி வைத்த வாக்கியம். அது வெளியே வந்தபோது சின்னதாக, கடையில் மருந்துப் பேரைத் திருப்பிச் சொல்வது போல இருந்தது. என் முகம் கொதித்தது. வீடு முழுக்க உறைந்து கிடக்க, என் முகம் மட்டும் கொதித்தது.

"என் அக்காமேல எனக்குப் பாசம் இருக்கு," என்று அவசரமாகச் சொன்னேன்.

"நான் ஒண்ணும் கேக்கலியே."

"விழுந்துட்டா வந்துருவா. வந்தா போகமாட்டா. அவளும் அழுவா, நானும் அழுவேன், வெவ்வேற அறையில. அதனாலதான் ஜன்னலைத் தொறந்து வெச்சிருக்கேன். போதுமா? போய் உன் சுவத்துல ஒட்டிக்கோ."

ஒட்கேர் என் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான். தன் கோட்டின் காலரை உயர்த்திக்கொண்டான். நான் ஏதாவது ஆறுதல் வரும் என்று பயந்தேன். வரவில்லை. அவன் காகிதத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ஒரு செவ்வகம் வரைந்தான். அதற்குள் ஆறு வளையங்கள்.

"ஆறு சுத்துல நாலு சுத்து காருக்குக் கீழ போகுது," என்றான், தனக்குத்தானே. "பாதைக்கு ரெண்டே ரெண்டு. வர்றதே கொஞ்சூண்டு தண்ணி, அதை ஆறா பிரிக்கிறோம். நாலை மூடிட்டா..." எழுதினான். அடித்தான். "வர்ற தண்ணி பூராவும் பாதைக்குப் போகும். கொஞ்சமா கொதிநீர் கலந்து எப்பவும் ஓட விடணும். சென்சாரைக் கழட்டிடலாம். பனி விழறதுக்கு முன்னாலயே கல்லு சூடா இருக்கணும், அதான் விஷயம். நின்னு நின்னு கொதிக்க வைக்கிறதைவிட இது செலவும் கம்மி."

"மூணு வாரமா இதை ஏன் யோசிக்கல?"

"யாரும் காரணம் சொல்லலியே," என்றான். "பாதை வழுக்குதுன்னுதான சொன்னீங்க."

அவன் போகும்போது கதவருகே நின்றான். எனக்குத் தெரியும் எதற்கு என்று. "நான் வால்வு பாக்கறவன் ஸ்வாவா, பாதிரியார் இல்ல," என்றான். "கேட்டதை இங்கயே விட்டுட்டுப் போறேன். தூக்கிட்டுப் போக எனக்கு எடம் கிடையாது." இந்த மனிதனை நான் எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு அன்று புரியவில்லை. இன்னும் கொஞ்சம் எரிச்சல்தான்.

கார் நிறுத்தங்களை மூடுவது லேசுப்பட்ட காரியமில்லை. மூடிய குழாயில் நீர் நின்றால் உறைந்து வெடிக்கும். காற்றழுத்தியால் ஊதி ஒரு சொட்டு விடாமல் வெளியேற்ற வேண்டும். ஒரு முறை வெளியேற்றினால் வசந்தம் வரை திரும்ப நிரப்ப முடியாது. அதனால் சங்கம் கூடி ஓட்டெடுக்க வேண்டியிருந்தது. எட்டு வீட்டில் ஐந்து ஓட்டு.

வியாழக்கிழமை சலவையறையில் கூடினோம். துணி உலர்த்தும் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் அதை நிறுத்த மனமில்லை. ஹெர்தீஸ் முறுக்கிப் பொரித்த மாவுப் பண்டம் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தாள். அது இருந்தால் சண்டை கொஞ்சம் மெதுவாகத் தொடங்கும்.

முதல் மாடி வால்கர்தான் தொடங்கினான். செப்டம்பரில் புதுக் கார் வாங்கியவன்.

"எதுக்கு நான் காலையில பனி வார மண்வாரி எடுக்கணும்? சூடான நிறுத்தம் இருக்குன்னுதானே இந்த வீட்டையே வாங்கினேன்?"

"உனக்கு முப்பத்தெட்டு வயசு," என்றாள் ஹெர்தீஸ். "மண்வாரி உன்னக் கடிக்காது."

"அப்ப உன் காரை யார் வாருவாங்க ஹெர்தீஸ்?"

ஹெர்தீஸ் பண்டத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதை அவள் யோசித்திருக்கவில்லை. எதிர் வீட்டுக்காரர் இருவர் வால்கர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஒட்கேர் தன் ஆறு வளையங்களை விளக்கினான். பன்னிரண்டு நிமிடம் விளக்கினான். ஒருவர் உலர்த்தும் எந்திரத்தைத் திறந்து தன் துண்டுகளை மடிக்கத் தொடங்கினார். நான் எழுந்து எல்லோரையும் உலுக்க வேண்டும் என்று துடித்தேன். ஆனால் என்ன சொல்வேன்? என்னிடம் இருந்த உண்மையான காரணம் அந்த அறையில் சொல்லக்கூடியதல்ல.

அதுவரை பேசாமலிருந்த யோருன், வாக்கரின் கைப்பிடியைத் தட்டினாள்.

"டேய் வால்கர். உன் கார் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடஞ்சா என்ன பண்ணுவாங்க?"

"கார் எப்படி யோருன்..."

"அதான். விழாது. நாலு சக்கரம் இருக்கு. என் நிறுத்தத்துல ரெண்டு வருஷமாக் காரே இல்ல. முப்பது நாளும் சூடு போட்டு வெச்சிருக்கீங்க, காத்துக்கு. மொதல்ல அதை மூடுங்க. அப்பறம் ஒவ்வொருத்தரும் என் மூஞ்சியப் பாத்து, உன் காலவிட என் டயர் முக்கியம்னு சொல்லிட்டு எதிர் ஓட்டுப் போடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். யாருன்னு ஞாபகம் மட்டும் வெச்சுக்கறேன்."

யாரோ சிரித்தார்கள். ஹெர்தீஸ் இல்லை. அவள் ஒட்கேரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு ஜன்னல் வேணும்," என்றாள்.

"என்ன?"

"படுக்கையறையில. ஒரு வால்வைக் கழட்டிடு. நான் தொறந்து வெச்சுத்தான் தூங்குவேன். நீ வந்து மூஞ்சியக் காட்டக் கூடாது. அதைக் குடுத்தா நான் கையத் தூக்கறேன். காரை நானே வாரிக்கறேன்."

ஒட்கேர் தவித்தான். அவன் வரைபடத்தில் கோடு மேலே ஏறும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. "ஒரு ஜன்னல்," என்றான். "அதுவும் பாதி."

"முழுசு."

"சரி. முழுசு."

ஐந்து பேர் கை தூக்கினோம். வால்கர் தூக்கவில்லை. மறுநாள் மதியம் காற்றழுத்தி கத்தத் தொடங்கியது. நான்கு சுற்றுகளும் மண்ணுக்கடியில் இருமித் துப்பிக் காலியாயின. ஒட்கேர் பாதையிலிருந்த பனிக்கட்டியைத் தானே கடப்பாரையால் உடைத்து அள்ளினான். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. மூன்று வாரத்துக் கண்ணாடி அது. அவன் அடித்த ஒவ்வோர் அடியிலும் எனக்கு ஒரு சின்னத் திருப்தி இருந்தது. சின்னத்தனம்தான். இருந்தது என்று எழுதிவைக்கிறேன்.

திங்கள் காலை ஆறரைக்கு எழுந்து பார்த்தபோது கனமாகப் பனி விழுந்துகொண்டிருந்தது. காற்று இல்லை. கார்கள் ஏழும் வெள்ளை மேடுகளாகிவிட்டன. வால்கர் மண்வாரியோடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். நடுவே பாதை, வாசலிலிருந்து தெரு விளக்கு வரைக்கும், கருப்பாக, ஈரமாக, லேசாக ஆவி விட்டுக்கொண்டு கிடந்தது. விழுகிற பனி அதைத் தொட்டதும் இல்லாமல் போயிற்று.

நான் அவசரமாகக் கீழே ஓடினேன். யோருன் ஏற்கனவே வாசலில் நின்றிருந்தாள்.

"எதுக்கு வந்த?"

"சும்மா. பாக்கத்தான்."

"சும்மா பாக்க வந்தவ கையை ஏன் நீட்டுற?"

கையை இழுத்துக்கொண்டேன். அவள் வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். நான் ஓரடி பின்னால். சக்கரங்கள் ஈரத்தில் சளசளத்தன. பாதி மேட்டில் அவள் மூச்சு வாங்க நின்றாள்.

"மூணு வாரமா எனக்குத் தூக்கமே இல்லடி," என்றாள், என்னைப் பார்க்காமல்.

"விழுந்துருவோம்னு பயமா?"

"விழுந்தா என்ன. விழுந்தா உன் பின்னறைக்கு வரணுமே, அந்தப் பயம்."

நான் நின்றுவிட்டேன்.

"கோவிச்சுக்காத," என்றாள். "நீ நல்லவ. ஆனா உன்கூட ஒரே வீட்டுல இருந்தா நான் செத்துருவேன். நீ கோப்பையக் கழுவி, தொடச்சு, மறுபடி வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, பெருமூச்சு விட்டு வைக்கிற பாரு. அதைத் தெனமும் பாக்கணுமா? அன்னிக்கி அந்த நகராட்சிப் பொண்ணு முன்னால நீ பின்னறைன்னு சொன்னப்பவே எனக்கு இந்தக் காலோடயே எழுந்து ஓடிரலாம் போல இருந்துச்சு. நீ ஆசையா சொல்றியேன்னுதான் பேசாம இருந்தேன்."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். இரண்டு வருடத்து மூட்டை, அவளே அவிழ்த்துக் கொட்டிவிட்டாள். நிம்மதி வரவில்லை. கோபம்தான் வந்தது. என்னை வேண்டாம் என்கிறாளே! பெருமூச்சா? நான் எப்போது பெருமூச்சு விட்டேன்? அவளுக்காக மூன்று நாள் குல்லாவோடு தூங்கியவள் நான். அது அவளுக்காக மட்டும் அல்ல என்பது வேறு விஷயம்.

"நான் ஒண்ணும் ஆசையா சொல்லல," என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பனி அவள் புருவத்தில் ஒட்டியிருந்தது. வாய் கோணியது. பக்கவாதத்துக்குப் பிறகு அவள் சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வரும்.

"அப்படியா?"

"ஆமா."

"ரெண்டு வருஷமா?"

"ரெண்டு வருஷமா."

"அட சனியனே," என்றாள் யோருன். தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி தள்ளத் தொடங்கினாள். தெருவுக்குப் போய்ச் சேரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகு அவ்வளவு நிச்சயமாக இல்லை. பக்கத்தில் போய்ப் பார்க்கவும் இல்லை. அவள் விரும்பமாட்டாள்.

விளக்குக் கம்பத்தடியில் அவள் குளத்துப் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு வராத," என்று குரல் கொடுத்தாள். "தூங்கு."

"வரமாட்டேன்."

"நெஜமாத்தான் சொல்றேன்."

"நானும்தான்!"

அவள் போய்விட்டாள். வால்கர் மண்வாரியை நிறுத்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைக் கவனிக்காதவள் மாதிரி பாதையில் இறங்கினேன். மனசு முழுக்க ஒரே ஒரு எரிச்சல். அந்த வார்த்தையை அவள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். நான் சொல்லியிருக்க வேண்டியது. இரண்டு வருடம் முன்பே, அந்த மேசையிலேயே, அவள் முகத்தைப் பார்த்து நான் சொல்லியிருக்க வேண்டியது.